அவிழ்த்து விடுவதா, அடைத்து வளர்ப்பதா? வீட்டுக்கோழிக்கு நான்கு வழிகள்

கோழி வளர்க்கலாம் என்று ஆசை வந்தவர்கள் எடுத்தவுடன் கேட்பது எந்த ரகம் வாங்கலாம் என்றுதான். நாட்டுக்கோழியில் சின்ன உடம்புச் சிறுவிடையா, கனத்த பெருவிடையா, கருங்கோழிக் கடக்நாத்தா, புறக்கடைக்கென்று உருவாக்கிய கிராமப்பிரியாவா என்று ஒரு வாரம் வீடியோ பார்த்துவிட்டு வந்து நிற்பார்கள். ரகம் இரண்டாவது கேள்வி. வாங்குகிற கோழி பகலெல்லாம் எங்கே இருக்கும், பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்த வீட்டில் யார் இருப்பார்கள், இந்த இரண்டுக்கும் பதில் இருந்தால் ரகம் தானாக முடிவாகிவிடும். பதில் இல்லாமல் வாங்கியவர்கள் வீட்டில்தான் மூன்றாம் மாதம் காலிக்கூண்டு துருப்பிடித்துக் கிடக்கிறது.

நான் பேசுவது ஐந்தாறு பெட்டை, ஒரு சேவல் என்கிற அளவுக்கு. முட்டை வீட்டுக்கு, மிஞ்சினால் பக்கத்து வீட்டுக்கு. பண்ணைக் கணக்கு வேறு, அது இங்கே வேண்டாம்.

வழி நான்குதான். காலையில் திறந்துவிட்டு மாலையில் அடைப்பது. பாதி நாள் வலைக்குள், பாதி நாள் வெளியில். முழு நேரமும் கொட்டகைக்குள், கீழே உமி பரப்பி. கம்பிக் கூண்டில். சக்கரம் வைத்து இடம் மாற்றுகிற கூண்டு ஒன்றும் இருக்கிறது, ஆனால் அதற்குச் சமதளமான புல்தரை வேண்டும். நம் கொல்லைப்புறத்தில் கல்லும் வேரும் மேடும் பள்ளமுமாக இருப்பதால் அடியில் எப்போதும் ஒரு சந்து இருக்கும், கீரிக்கு அது போதும். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் மாலை வேலை. எல்லோரும் காலை வேலையைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். காலையில் திறப்பது, தண்ணீர் மாற்றுவது, தீனி வைப்பது எல்லாம் பத்து நிமிடம், அரை மணி தாமதமானாலும் கோழி கத்துமே தவிர ஒன்றும் ஆகாது. மாலை அப்படியில்லை. கோழி அடைகிற நேரத்தைச் சூரியன் முடிவு செய்கிறது, உங்கள் பஸ் முடிவு செய்வதில்லை. டிசம்பரில் ஆறு மணிக்கே இருட்டிவிடும், ஜூனில் ஆறே முக்கால் வரை சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் தலையை எண்ணி, கதவைச் சாத்தி, தாழ் போட வேண்டும். தினமும். பொங்கலன்றும்.

அடுத்தது தீனிச் செலவு. அப்புறம் இழப்பு: நாய், பூனை, கீரி, பருந்து, காக்கை, நோய். அதன் பிறகு அக்கம்பக்கம், அதாவது சேவல் கூவுவது, எதிர்வீட்டுக் கீரைப் பாத்தியைக் கிளறுவது, நாற்றம், ஈ. முட்டை உங்கள் கைக்கு வருகிறதா அல்லது எங்கோ புதரில் கிடக்கிறதா என்பது ஐந்தாவது. கடைசியாக, இரண்டு நாள் ஊருக்குப் போனால் என்ன செய்வது.

இந்த ஆறையும் மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## ஒன்று: முழுக்க அவிழ்த்து விடுவது

கிராமத்தில் காலகாலமாக இருப்பது இதுதான். செலவு ஒரு இரவுக்கூடு மட்டும், அதிலும் பழைய செங்கல், தகரம் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. கோழி தானே மேய்ந்து புழு, பூச்சி, புல் விதை, சிந்திய நெல் என்று பாதி வயிற்றுக்கு மேல் நிரப்பிக்கொள்ளும். காலையில் ஒரு பிடி கம்போ குருணையோ, மாலையில் ஒரு பிடி. மாலைத் தீனியை மறக்கக் கூடாது. அது பசிக்காக மட்டும் வைப்பதில்லை, அந்த ஒரு பிடிக்காகத்தான் கோழி நேரத்துக்கு வீட்டுக்கு வருகிறது.

மேய்ச்சல் போதுமா என்று தெரிய ஒரு எளிய வழி உண்டு. அடைந்த பிறகு கூட்டுக்குள் கைவிட்டு, கழுத்துக்குக் கீழே வலப்பக்கமாகத் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். எலுமிச்சை அளவுக்கு உருண்டு திண்ணென்று இருந்தால் நன்றாகத் தின்றிருக்கிறது. தொளதொளவென்று காலியாக இருந்தால் வெளியில் ஒன்றும் இல்லை, நீங்கள் கூட்டிப்போட வேண்டும். கோடையில், ஏப்ரல், மே மாதங்களில், தரை காய்ந்து பூச்சி இல்லாமல் போவதைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடலாம்.

சரி, மறைந்திருக்கிற செலவு என்ன?

முட்டை. நாட்டுப்பெட்டை ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைதான் இடும், அதுவும் ஈடு ஈடாக. ஒரு ஈட்டில் பத்துப் பன்னிரண்டு இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். அந்தப் பத்தில் நாலு வைக்கோல் போரிலும் விறகு அடுக்கிலும் போய்விட்டால் கணக்கு எங்கே நிற்கும்? ஒரு பெட்டை திடீரென்று காணாமல் போய், மூன்று வாரம் கழித்துக் குஞ்சுகளோடு வந்து நிற்பதைச் சந்தோஷமாகச் சொல்வார்கள். வராமலே போன பெட்டைகளை யாரும் சொல்வதில்லை.

குஞ்சுகளின் கதை இன்னும் மோசம். காக்கை, பருந்து, வல்லூறு, பூனை எல்லாவற்றுக்கும் முதல் மாதக் குஞ்சு ஒரு கவளம். கீரி பகலிலேயே வரும். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) என்கிற தொற்றுநோய் ஊருக்குள் வந்தால், அடுத்த தெருக் கோழியோடு ஒரே குப்பைமேட்டைக் கிளறுகிற உங்கள் கோழிக்கும் வரும். மண்ணில் கிளறித் தின்பதால் குடற்புழுவும் அதிகம், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்து கொடுக்க வேண்டும். இதெல்லாம் போக அடுத்த வீட்டு மிளகாய் நாற்று. கோழி நாற்றைத் தின்பதைவிடக் கிளறிப் போட்டுவிட்டுப் போவதுதான் அதிகம், அதுதான் இன்னும் கோபத்தைக் கிளப்பும்.

அடைக்க ஆள் வராத அன்று கோழி முருங்கை மரத்தில் ஏறிக்கொள்ளும். ஒருமுறை மரத்தில் தூங்கிப் பழகிய கோழியைக் கூட்டுக்குத் திருப்புவது பெரும்பாடு. மரநாய்க்கு மரம் ஏறத் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

யாருக்கு இது சரி: சுற்றிலும் தோட்டம், தோப்பு, களம் இருந்து, வீட்டில் பகலில் பெரியவர்கள் யாராவது இருந்து, தெருநாய்த் தொல்லை குறைவாக இருந்து, பக்கத்து வீட்டிலும் கோழி இருந்தால். கடைசி நிபந்தனை சின்னதாகத் தெரியும், ஆனால் பாதிச் சண்டை அதனாலேயே வராமல் போகும்.

## இரண்டு: பாதி நாள் வலை, பாதி நாள் வெளி

என் ஓட்டு இதற்குத்தான், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இரவுக்கூட்டை ஒட்டி ஒரு வலைக்கட்டு. காலையில் கூட்டிலிருந்து வலைக்கட்டுக்குள் மட்டும் விடுவது. பதினொரு மணிக்கு மேலோ, வேலைக்குப் போகிறவராக இருந்தால் மாலை ஐந்து மணிக்கோ, வெளியே திறந்துவிடுவது. பொழுது சாய்ந்தால் தானே உள்ளே வந்துவிடும்.

ஏன் பதினொரு மணி? கோழிக்குள் ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. அதனால் இன்று எட்டு மணிக்கு இட்டது நாளை ஒன்பதுக்கு மேல் இடும், இப்படித் தள்ளிக்கொண்டே போய் ஒரு நாள் இடாமல் விட்டுவிட்டு மறுபடி காலையில் தொடங்கும். மொத்தத்தில் பெரும்பாலான முட்டைகள் முற்பகலிலேயே விழுந்துவிடும். அதுவரை வலைக்குள் இருந்தால் முட்டை பெட்டியில், அதாவது உங்கள் கையில்.

இது ஏதோ புது யோசனை என்று நினைக்க வேண்டாம். எங்கள் தெரு அப்பத்தா ஒருவர் காலையில் கூட்டைத் திறக்கும்போது வாசலை மறித்துக்கொண்டு குத்தவைத்து உட்காருவார். வெளியே வருகிற ஒவ்வொரு பெட்டையையும் இடது கையில் ஏந்தி, வால் பக்கம் விரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பார். உள்ளே கெட்டியாகத் தட்டுப்பட்டால் அந்தப் பெட்டை நேரே பஞ்சாரம் என்கிற கவிழ்த்த கூடைக்குள் போகும், மேலே அம்மிக்குழவி ஏறும். தட்டுப்படாதது வெளியே ஓடலாம். பத்து மணி வாக்கில் உள்ளே கொக்கரிக்கிற சத்தம் கேட்டால் பஞ்சாரத்தைத் தூக்கி முட்டையை மடியில் போட்டுக்கொண்டு கோழியை விடுவார். பார்க்காமல் திறந்துவிட்ட பிள்ளைகளுக்கு வசவு விழும்: “ஏப்பா, முட்டைக் கோழிய எதுக்குத் தொறந்து விட்ட? இன்னைக்கு எவன் வீட்டு வைக்கப்போர்ல போடப்போகுதோ!” வலைக்கட்டு செய்வதும் இதே வேலையைத்தான், விரல் பரிசோதனை இல்லாமல்.

வலையில்தான் மறைந்த செலவு இருக்கிறது. கடையில் கோழிவலை என்று அறுகோணக் கண்ணோடு விற்கிறார்களே, அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், நாய் உள்ளே வராமல் தடுக்காது. நாய் கடித்து இழுத்தால் பிரிந்து வந்துவிடும். கீழே மூன்றடிக்காவது அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ், அதாவது பற்றவைத்த கம்பி வலை, வேண்டும், மேலே சாதாரண வலை போதும். நாய் தோண்டும் என்பதால் மெஷ்ஷை ஒரு அடி மண்ணுக்குள் இறக்கவோ, வெளிப்பக்கமாகத் தரையில் ஒரு அடி மடக்கிப் போட்டுக் கல் வைக்கவோ வேண்டும். மேல் மூடியும் அவசியம். பருந்துக்காக மட்டுமல்ல, சிறுவிடைப் பெட்டை ஆறடி வேலியை ஓடாமல் கொள்ளாமல் தாண்டும். தாண்டுகிற கோழிக்கு ஒரு பக்க இறக்கையின் நீள இறகுகளை மட்டும் வெட்டிவிட்டால் சமநிலை தவறிப் பறக்காது, வலிக்கவும் செய்யாது. இறகு உதிர்த்து முளைத்ததும் மறுபடி வெட்ட வேண்டும்.

இன்னொன்று, வலைக்கட்டின் தரை. இரண்டு மாதத்தில் ஒரு புல் இருக்காது, மழைக்காலத்தில் சேறாகிவிடும். அதற்குச் செலவில்லாத வழி சருகு. வேப்பிலை, மாவிலை, கூட்டிய குப்பை, எல்லாவற்றையும் கட்டுக்குள் கொட்டிவிடுங்கள். கோழி நாள் முழுக்க அதைக் கிளறும், எச்சத்தோடு கலந்து மக்கும், நீங்கள் மேலே புதுச் சருகு போட்டுக்கொண்டே இருந்து அடியிலிருந்து எருவை அள்ளலாம். பச்சை எச்சத்தை நேராகச் செடிக்குப் போட்டால் வேர் கருகும், மக்கவைத்துத்தான் போட வேண்டும்.

குஞ்சு பொரித்தால் இந்த முறையில் காப்பாற்றுவது எளிது. தாயையும் குஞ்சுகளையும் வலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு கரையான் போடுங்கள். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, அட்டைத் துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்துவைத்தால் காலையில் பானைக்குள் மொய்த்திருக்கும். முதல் இரண்டு வாரக் குஞ்சுக்கு இதைவிட மலிவான புரதம் கிடையாது.

மாலைப் பிரச்சினைக்கு வருவோம். வர நேரமாகும் என்று தெரிந்த நாளில் வெளியே விடாமல் இருந்துவிடலாம், இதுதான் இந்த முறையின் பெரிய வசதி. வலைக்கட்டு உறுதியாக இருந்தால் கூட்டுக்கதவு எட்டு மணிக்கு மூடினாலும் பரவாயில்லை. ஒரு நாள் போகவில்லை என்று கோழி கோபித்துக்கொள்ளாது, கொஞ்சம் சத்தம் போடும், அவ்வளவுதான்.

யாருக்கு இது சரி: இரண்டு மூன்று சென்ட் கொல்லை, சுற்றுச்சுவரோ வேலியோ, ஆறு மணிக்கு வீட்டில் பெரும்பாலும் ஒருவர். சிறுநகர வீடுகளில் பாதி இதற்குள் வந்துவிடும்.

## மூன்று: முழு நேரமும் கொட்டகையில்

ஆழ்கூளம் என்பார்கள். கொட்டகைத் தரையில் நாலு அங்குலத்துக்கு நெல் உமி, தேங்காய் நார்க்கழிவு, கடலைத் தோல் இவற்றில் கிடைப்பதைப் பரப்பி, கோழி அதிலேயே வாழ்வது. பண்ணைக் கணக்கில் ஒரு கோழிக்கு இரண்டு இரண்டரைச் சதுர அடி என்பார்கள். வெளியே போகவே போகாத வீட்டுக்கோழிக்கு நாலு சதுர அடி கொடுங்கள், ஏழு கோழிக்கு ஏழுக்கு நாலு அடி அறை. உள்ளே ஏறி உட்கார ஒரு கழி, நாலைந்து பெட்டைக்கு ஒரு முட்டைப் பெட்டி.

இதில் மாலை அவசரம் கிடையாது, நாய் கிடையாது, பக்கத்து வீட்டு நாற்று கிடையாது, ஒரு முட்டையும் தொலையாது. அதனால்தான் வேலைக்குப் போகிற தம்பதிகளுக்கு இது பிடிக்கும்.

வேலை வேறு வடிவத்தில் வருகிறது. கூளத்தை வாரம் இரண்டு முறை கிளறிவிட வேண்டும், தண்ணீர்க் கலத்துக்கு அடியில் நனைந்ததை எடுத்துப் போட வேண்டும். சோதனை கையில்தான்: ஒரு பிடி கூளத்தை அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையை விரியுங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், சுண்ணாம்புத் தூள் தூவிக் கிளறிப் புதுக் கூளம் சேருங்கள். புகையாகப் பறந்தால் வறண்டுவிட்டது. விரித்ததும் உதிர்ந்து, கையில் ஒட்டாமல் இருந்தால் சரி. குனிந்து நின்றதும் மூக்கில் சுருக்கென்று ஏறினால் அதற்கு முன்பே நாள் கடந்துவிட்டது என்று அர்த்தம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூளம் நனைந்தால் குஞ்சுகளுக்கு இரத்தக்கழிச்சல் வரும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குஞ்சுகளை அது கூட்டமாக வாரிக்கொண்டு போகும்.

அடுத்தது சலிப்பு. கிளறவும் துரத்தவும் ஒன்றும் இல்லாத கோழி அடுத்த கோழியின் இறகைப் பிடுங்கத் தொடங்கும், இரத்தம் பார்த்துவிட்டால் விடாது. அகத்தி, முருங்கைக் கீரையைக் கட்டாகக் கட்டித் தலை உயரத்தில் தொங்கவிடுங்கள், எம்பி எம்பிக் கொத்திக்கொண்டிருக்கும். ஒரு மூலையில் சாம்பலும் மணலும் கலந்த தொட்டி வைத்தால் குளித்துச் செள்ளு, பேனை உதறிக்கொள்ளும்.

இப்போது தீனிக் கணக்கு. தீனி கிலோ 35 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஊர் விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளலாம். அடைத்து வளர்க்கிற நாட்டுக்கோழிக்கு நாளைக்கு 90 கிராம், ஏழு உருப்படிக்கு மாதம் 19 கிலோ, 660 ரூபாய். ஆறு பெட்டை மாதம் சராசரி 35 முட்டை. ஒரு முட்டைக்குத் தீனி மட்டும் 19 ரூபாய். அதே கோழி முழுக்க மேய்ந்தால் 40 கிராம் கைத்தீனி, மாதம் 300 ரூபாய்க்குள், முட்டை ஒன்றுக்கு எட்டு ஒன்பது ரூபாய், எல்லா முட்டையும் கிடைத்தால். பாதி நாள் முறையில் 60 கிராம் என்றால் 12, 13 ரூபாய். ஆக, நாட்டுக்கோழியைக் கொட்டகைக்குள் முழுக்க அடைத்து முட்டை தின்பது, தெரிந்து செய்தால் தப்பில்லை, லாபம் என்று நினைத்துச் செய்யாதீர்கள்.

கொட்டகைக்குக் கிராமப்பிரியா மாதிரி ரகம்தான் பொருந்தும். ஐதராபாத்தில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் புறக்கடைக்கென்றே உருவாக்கியது, நன்றாகக் கவனித்தால் ஆண்டுக்கு 150 முட்டைக்கு மேல் எதிர்பார்க்கலாம். நாளைக்கு 110 கிராம் தின்றாலும் முட்டைக்கு 11 ரூபாய் பக்கம்தான் வரும். ஆனால் அது அடைக்கு உட்காராது. ஒன்றரை, இரண்டு வருடத்தில் முட்டை குறைந்ததும் புதுக் குஞ்சை விலைக்கு வாங்க வேண்டும், அது இன்னொரு மறைந்த செலவு. கூட ஒரே ஒரு சிறுவிடைப் பெட்டையை வைத்துக்கொண்டால் அதன் அடியில் இதன் முட்டைகளை வைத்துப் பொரிக்கலாம், 21 நாளில் குஞ்சு. சிறுவிடை யார் முட்டை என்று விசாரிப்பதில்லை.

யாருக்கு இது சரி: இடம் குறைவு, நாய்த் தொல்லை அதிகம், பகலில் ஆள் இல்லை, ஆனால் வாரக்கடைசியில் ஒரு மணி நேரம் கூளத்தோடு செலவழிக்கத் தயார் என்கிறவர்களுக்கு. கூரை தகரமாக இருந்தால் மேலே தென்னங்கீற்று வேயுங்கள், வெறும் தகரத்தின் கீழ் மே மாதக் கோழி வாயைப் பிளந்து இறக்கையை விரித்துக்கொண்டு நிற்கும், முட்டையும் நின்றுவிடும்.

## நான்கு: கம்பிக் கூண்டு

மொட்டைமாடியில் வைக்கலாம், முட்டை தானாக உருண்டு முன்னால் வரும், சுத்தமாக இருக்கும், இதெல்லாம் விற்பவர்கள் சொல்வது, பொய்யும் இல்லை. நாமக்கல் பண்ணைகளில் முட்டைக்கென்றே வளர்க்கிற வெள்ளை லேயர் கோழி இப்படித்தான் ஆண்டுக்கு 300 முட்டை வரை இடுகிறது. பண்ணைக் கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைக்கிற இடம் ஒரு ஏ4 தாளைவிடச் சிறியது.

நாட்டுக்கோழியை இதற்குள் போடாதீர்கள். கிளறாமல், புழுதியில் குளிக்காமல், கழியில் ஏறாமல் அது கோழியாகவே இருக்காது. கம்பியில் நின்று பாதம் புண்ணாகும், கூண்டில் முட்டி இறகு போகும், அடைக்கு உட்கார வழியே இல்லை. லேயர் ரகம் போட்டாலும் மாடி வெயில் இருக்கிறது. கோழி கொத்தினால் சொட்டுகிற நிப்பிள் குழாயில் ஒரு மதியம் தண்ணீர் அடைத்தால் மாலைக்குள் கோழி செத்திருக்கும், அதனால் இரண்டு நாள் ஊருக்குப் போகலாம் என்கிற வசதியும் பெயருக்குத்தான். கூண்டுக்கு அடியில் விழுகிற எச்சத்தை இரண்டு நாள் விட்டால் புழு, அப்புறம் ஈ, அப்புறம் கீழ் வீட்டுக்காரர்.

மண்ணே இல்லாத வீடு, முட்டை மட்டும் வேண்டும், தினமும் இரண்டு வேளை கவனிக்க ஆள் இருக்கிறது என்றால் இதை யோசிக்கலாம், அப்போதும் பாதி எண்ணிக்கையில் கோழி விட்டு. நானாக இருந்தால் கடையில் முட்டை வாங்கிவிடுவேன். மற்றபடி எந்த முறையில் வளர்த்தாலும் சின்னக் கூண்டு ஒன்று வீட்டில் இருக்கட்டும். நோயுற்றதைத் தனியே வைக்கவும், சந்தையில் வாங்கிவந்த புதுக் கோழியை இரண்டு மூன்று வாரம் மற்றவற்றோடு சேர்க்காமல் வைக்கவும் அது தேவைப்படும். அடை கலைக்கவும் அதுவே போதும், கம்பித் தரையில் மூன்று நாலு நாள் நின்றால் சூடு தணிந்து எழுந்துவிடும். மூக்கில் இறகு குத்துவது, தண்ணீரில் முக்குவது எல்லாம் வேண்டாம்.

## ஒரு பார்வையில்

| எதைப் பார்ப்பது | அவிழ்த்து விடுவது | பாதி நாள் | கொட்டகை | கூண்டு |
|---|---|---|---|---|
| தொடக்கச் செலவு | மிகக் குறைவு | நடுத்தரம், வலைக்கே பெரும்பகுதி | அதிகம் | நடுத்தரம் |
| நாட்டுக்கோழிக்குக் கைத்தீனி, நாளைக்கு | 40 கிராம் | 60 கிராம் | 90 கிராம் | நாட்டுக்கோழியே வேண்டாம் |
| மாலையில் ஆள் | கட்டாயம் | விட்ட நாளில் மட்டும் | அவசரமில்லை | தண்ணீர் பார்க்க |
| முட்டை கைக்கு வருவது | பாதி அதிர்ஷ்டம் | பெரும்பாலும் | எல்லாம் | எல்லாம் |
| நாய், கீரி, பருந்து | அதிகம் | வெளியே விடும் நேரத்தில் | மிகக் குறைவு | குறைவு, எலி உண்டு |
| அக்கம்பக்கத் தொல்லை | கிளறல் | கொஞ்சம் | கூளம் கெட்டால் நாற்றம் | ஈ |
| குஞ்சு பொரிக்க | முடியும், இழப்பு அதிகம் | மிக நல்லது | முடியும் | முடியாது |
| பொருந்தும் ரகம் | சிறுவிடை | சிறுவிடை, பெருவிடை | கிராமப்பிரியா | லேயர் |

பெருவிடையை முழுக்க அவிழ்த்து விடுவதில் போடாததற்குக் காரணம் உண்டு. உடம்பு கனம், பறந்து தப்பிக்கச் சிறுவிடை அளவுக்கு முடியாது. விலையும் அதிகம், ஒன்றை நாய் தூக்கினால் வலிக்கும்.

## எந்த முறை என்றாலும் தப்பாத வேலைகள்

தடுப்பூசி. வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்தில் லசோட்டா என்கிற தடுப்பு மருந்து கண்ணில் ஒரு சொட்டு, நாலாவது வாரம் அதுவே மறுபடி, எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. சிக்கல் என்னவென்றால் மருந்துக் குப்பி நூறு கோழிக்கு மேல் வருகிற அளவில்தான் கிடைக்கும், கலக்கிய பிறகு ஐஸில் வைத்து ஓரிரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஏழு கோழிக்காரர் தனியாக வாங்கினால் பெரும்பகுதி சாக்கடைக்குப் போகும். தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொள்வதுதான் வழி, அவிழ்த்து விடுகிற தெருவில் பக்கத்து வீட்டுக் கோழிக்கும் போட்டால்தான் உங்களுடையதும் பிழைக்கும். தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் இரண்டு வார முகாம் நடத்தி இலவசமாகப் போடுகிறது. கோடைக்கு முன்பு அது வருவது காரணத்தோடுதான், அந்த நோய் வெயில் காலத்தில்தான் ஊரையே காலி செய்யும். ஏற்கனவே சோர்ந்து நிற்கிற கோழிக்கு ஊசி போடாதீர்கள், அது தடுப்பு, மருந்து இல்லை.

தீனிக் கலத்தை இரவில் உள்ளே எடுத்துவைப்பது. மிச்சத் தீனிக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். சாரைப்பாம்பு கோழிக்கூட்டுக்கு வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

முட்டை ஓடு மெல்லிதாக வந்தால் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியது எடுத்துக்கொள்ளும். வீட்டு முட்டை ஓட்டையே போடுவதாக இருந்தால் வறுத்து நன்றாகப் பொடித்துப் போடுங்கள். முழு ஓடாகப் போட்டால் சொந்த முட்டையை உடைத்துத் தின்னப் பழகும், அந்தப் பழக்கம் மாறாது.

சேவல் வேண்டுமா? முட்டைக்கு வேண்டாம். குஞ்சுக்கு வேண்டும், வெளியில் விடுகிறவர்களுக்கு வேண்டும், ஏனென்றால் பருந்தை முதலில் பார்த்துக் குரல் கொடுப்பது சேவல்தான். ஒட்டிக்கொண்டு வீடுகள் உள்ள தெருவில், விடிய விடிய எரிகிற தெருவிளக்கின் கீழ் அது இரண்டு மணிக்கே கூவத் தொடங்கும். வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் சேவலை விட்டுவிடுங்கள்.

## கடைசியாக, வாங்கும் வரிசை

ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் இரண்டில் தொடங்குங்கள். வலையைத் திறந்துவிட்டால் அது ஒன்றாகிவிடும், மேலே கூரை போட்டால் மூன்றாகிவிடும், ஆனால் அவிழ்த்து விட்டுப் பழகிய கோழியைப் பிறகு அடைப்பது இரண்டு பக்கத்துக்கும் நரகம். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்பவர்கள் ஒரு வாரம் மாலை ஆறு முதல் ஏழு வரை வீட்டில் யார் இருந்தார்கள் என்று காலண்டரில் குறித்துப் பாருங்கள். நாலு நாளுக்கு மேல் காலியாக இருந்தால் கொட்டகை.

கூடும் வலையும் முழுதாக முடிந்த பிறகு கோழி வாங்குங்கள், அட்டைப்பெட்டியில் கோழியை வைத்துக்கொண்டு தச்சருக்காகக் காத்திருக்க வேண்டாம். முதல் தடவைக்கு ஒரு நாள் குஞ்சு வேண்டாம், பல்பு, சூடு, ராத்திரி எழுந்து பார்ப்பது என்று அது தனி வேலை. தடுப்பூசிகள் முடிந்த இரண்டரை, மூன்று மாதக் கோழியாக, ஒரே இடத்தில், ஒரே தடவையில் வாங்குங்கள். வந்ததும் ஒரு வாரத்துக்குக் கூட்டையும் வலையையும் தவிர வெளியே விடக் கூடாது. எது வீடு என்று அது தெரிந்துகொள்ள அவ்வளவு நாள் ஆகும். முதல் முறை திறந்துவிடுவதைக் காலையில் செய்யாமல், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது, மாலைத் தீனி போடுவதற்கு முன்பு செய்யுங்கள்.